சர்க்கரை போட்டியா?

செகந்திராபாத்,
25.2.87

அன்புள்ள கிருபா அக்காவுக்கு,

ஜெபராஜ் எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே அமலராணிக்கும் பேபிக்கும் ஒரு குறையும் இல்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்காதே என்று எத்தனை தடவை சொல்வது.

வந்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன் ஒன்று கேட்டால் நான் வேறு ஒன்று சொல்கிறேன். நேற்று பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். பெற்ற அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் வந்து நின்ற பிள்ளை நான். நான் பார்த்தது ஈர மண்ணும் வாடின சாமந்தி மாலையும்தான். முகத்தைப் பார்க்காததால் மனசு நம்பவே மாட்டேன் என்கிறது. அப்பா தாம்பரத்தில் இருக்கிறார், கொய்யா மரத்தடியில் கண்ணாடி மாட்டி ஷேவ் செய்துகொள்கிறார் என்றுதான் இன்னும் தோன்றுகிறது.

அங்கே இருந்த ஒன்பது நாளும் வீடு நிறைய ஆள். கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. நீ கொடுத்த தந்தி என்னிடம்தான் இருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து இருபதுக்குக் கொடுத்ததாக அதில் போட்டிருக்கிறது. எனக்கு வியாழன் காலைதான் விஷயம் தெரிந்தது. நீ புதன் காலையிலேயே கொடுத்திருந்தால் அன்று மாலை வண்டியைப் பிடித்து வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பேன். அவருக்கு எத்தனை மணிக்கு ஆயிற்று? கடைசியாக நீ அவரை எப்போது பார்த்தாய்? காலையில் காப்பி குடித்தாரா?

இதை மட்டும் ஒளிக்காமல் எழுது. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

உன் தம்பி,
ஜெபராஜ்

*

கிழக்கு தாம்பரம்,
4.3.87

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் திங்களன்று கிடைத்தது. முதுகு அதன் இடத்தில் இருக்கிறது, நானும் என் இடத்தில் இருக்கிறேன். குடம் தன்னால் நடந்து வராது, ஆகையால் தூக்கத்தான் வேண்டும். பேபிக்கு இருமல் நின்றதா? வெந்நீரில்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று அமலராணியிடம் சொல்.

நீ கேட்டதற்குப் பதில். அன்று காலை அப்பா எப்போதும்போல எழுந்தார். ஐந்தே முக்காலுக்குக் காப்பி கொடுத்தேன், குடித்தார். பேப்பர் படித்தார். நான் ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் நாலரைக்குத் திரும்பியபோது கட்டிலில் படுத்தபடியே போயிருந்தார். பக்கத்து வீட்டு முனிரத்தினம் அண்ணன்தான் ஓடிப்போய் டாக்டர் கஸ்தூரிரங்கனை அழைத்து வந்தார். அதன் பிறகு தபால் ஆபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தோம். நடந்தது இவ்வளவுதான்.

வியாழன் மதியம் வரை உன் பதில் தந்திக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறிவிட்டது, இனிமேல் வைத்திருக்கக் கூடாது என்று சபைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நீ கிளம்பியதாகச் சொன்ன தந்தி, கல்லறையிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் எல்லாம் அதே நேரத்துக்கு நடக்கிறது. ஐந்தரைக்கு டிகாஷன் இறங்கிவிடுகிறது. இரண்டு டம்ளர் ஆற்றுகிறேன். ஷேவிங் வெந்நீர் வைக்கிறேன். கண்ணாடியைத் துடைத்து மரத்து ஆணியில் மாட்டுகிறேன். புதன்கிழமை என்றால் அவருக்குப் பன் வாங்கி வருகிறேன். அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்காதே. கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தால் நெஞ்சு அடைப்பதில்லை. சும்மா உட்கார்ந்தால்தான் பயமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. பஸ்ஸில் விழித்துக்கொண்டு போ.

அக்கா,
கிருபா

*

செகந்திராபாத்,
14.3.87

அன்புள்ள அக்காவுக்கு,

பேபிக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்குத்தான் தூக்கம் நின்றுவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இரண்டு டம்ளர் ஆற்றுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். இன்னொன்றை யார் குடிப்பது? அமலராணி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, திக்கென்று இருந்தது. பேசாமல் லீவு விட்டதும் இங்கே வந்துவிடு.

எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. நீ டம்ளரை நீட்டுவாய். வாங்கும் முன்பே, "சர்க்கரை போட்டியா?" என்பார். நீ, "போட்டேன்ப்பா" என்பாய். அம்மா போய் எட்டு வருஷம், ஒரு நாள் தவறாமல் இதே கேள்வி, இதே பதில். நான் லீவில் வரும்போதெல்லாம் போர்வைக்குள் கிடந்து சிரிப்பேன். ரயில்வேயில் ரிட்டயர் ஆனாலும் மனுஷன் செக்கிங்கை விடவில்லையே என்று நினைப்பேன்.

அன்றைக்கும் கேட்டாரா அக்கா? என்ன குரலில் கேட்டார்? முகம்தான் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குரலையாவது எனக்கு எழுது.

தம்பி,
ஜெபராஜ்

*

கிழக்கு தாம்பரம்,
30.3.87

அன்புத் தம்பிக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அதைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. தூக்கம் வராவிட்டால் படுக்கும் முன் பால் குடி, டீயைக் குறை.

பரீட்சைப் பேப்பர் குவிந்து கிடப்பதால் உடனே எழுத முடியவில்லை. இந்த வருஷம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஒரே பையனைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அந்தப் பையனுக்கோ ஒன்றும் தெரியாது. திருத்தத் திருத்தச் சிரிப்பு வருகிறது. சிரித்துவிட்டு, அப்பாவிடம் சொல்லத் திரும்பிப் பார்க்கிறேன்.

இன்னொரு டம்ளரை யார் குடிப்பது என்று கேட்டாயே. முதலில் அப்படியே ஆறிப்போய்க் கொய்யா மரத்துக்குப் போயிற்று. ஒரு நாள் முனிரத்தினம் அண்ணன் சம்சாரம் செல்லம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, தெனம் ரெண்டு டம்ளரு ஆத்திக்கினு கீறீங்க. அய்யாவுக்கா?"

"ஆமா."

"அய்யா பேர்ல வெச்சதக் கீழ ஊத்தலாமா? இங்க குடுங்க."

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்குச் சுவரோரம் வந்து நிற்கிறாள். குடித்துவிட்டு, "சக்கரை தூக்கலா கீது" என்று குறை வேறு. அய்யாவுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்பேன். "அப்ப சரி" என்பாள். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு நன்றாக இருக்கிறது. யாரோ ஒருவர் குடிக்கிறாரே.

ஞாயிறன்று சபையில் ஐசக் போதகர் உன்னை விசாரித்தார். லீவுக்கு அங்கே வருவது பற்றிப் பிறகு பார்க்கலாம். தபால் எடுக்கிற நேரம் ஆகிவிட்டது.

அக்கா,
கிருபா

*

செகந்திராபாத்,
8.4.87

அக்காவுக்கு,

சுகம்தான். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒரே ஒரு வரி. அதற்குப் பதில் அதில் இல்லை.

சரி, நானே சொல்கிறேன். அப்பா பேப்பர் படித்தார் என்று எழுதினாய். நான் வந்த அன்று முனிரத்தினம் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, டீச்சரம்மா கேட்டாண்டயே நின்னுக்கினு இருந்தாங்க. பேப்பரு மடிச்சது மடிச்சபடி தரையில கெடந்துச்சி. நான்தான் எடுத்து உள்ள போட்டேன்." செல்லம்மா அக்கா இன்னொன்று சொன்னாள். கட்டில் பக்கத்து ஸ்டூலில் காப்பி ஆடை கட்டிப்போய் டம்ளர் நிறைய இருந்ததாம். அவள்தான் எடுத்துக் கழுவினாளாம்.

அவர் குடிக்கவில்லை. அவர் படிக்கவில்லை. அப்படியானால் காலையில் நீ பார்த்தது என்ன? பார்த்துவிட்டு எங்கே போனாய்?

ஜெபராஜ்

*

செகந்திராபாத்,
7.5.87

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. கார்டை எல்லோரும் படிப்பார்கள் என்பதால் வேறு ஒன்றும் எழுதவில்லை. நல்லபடியாக இருக்கிறாயா, அது ஒன்றை எழுது. அமலராணி தினமும் தபால்காரரைக் கேட்கிறாள். கோபத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். பதில் எழுது.

ஜெபராஜ்

*

கிழக்கு தாம்பரம்,
19.5.87

தம்பிக்கு,

சுகம் விசாரித்து ஆரம்பிக்க இந்த ஒரு தடவை எனக்கு மனசு வரவில்லை. நீ கேட்டதை எழுதிவிடுகிறேன். எழுதி முடித்ததும் திரும்பப் படிக்காமல் ஒட்டிவிடுவேன். படித்தால் கிழித்துவிடுவேன், ஏற்கெனவே மூன்று கிழித்தாயிற்று.

அப்பா காப்பி குடிக்கவில்லை. பேப்பர் படிக்கவில்லை. நான் எழுதினது பொய்.

ஐந்தே முக்காலுக்கு டம்ளரோடு போனேன். மல்லாந்து படுத்திருந்தார். எப்போதும் என் காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார். அன்று அசையவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. நான் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. "போட்டேன்ப்பா" என்றேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, டம்ளரை ஸ்டூலில் வைத்தேன்.

போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஜெபராஜ். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க மாட்டேன். ஆனால் தெரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை. அடுத்த வேலை எது என்பது மட்டும் தெரிந்தது. புதன்கிழமை, குழாயில் தண்ணீர் வரும் நாள். குடங்களை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் ஒருத்தி என் குடத்தைத் தள்ளிவிட்டாள், அவளோடு சண்டைகூடப் போட்டேன். சண்டையில் நான்தான் ஜெயித்தேன்.

வந்து வெந்நீர் வைத்து மரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியை மாட்டினேன். கத்தரிக்காய் பொரித்தேன், சோறு வடித்தேன், அவருக்குத் தட்டில் போட்டு மூடி வைத்தேன். எனக்கு டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது அறை வாசலில் நின்று, "போயிட்டு வரேன்ப்பா, கேட்டைச் சாத்திடறேன்" என்றேன். வாசலில் பேப்பர் கிடந்தது. அதைத் தாண்டிப் போனேன். குனிந்து எடுக்க முடியவில்லை. எடுத்தால் உள்ளே கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது?

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டேன். பாடம் நடத்தினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார், எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். மத்தியானம் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அன்றைய வருகைப் பதிவேட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். என் எழுத்து ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு என்மேலேயே பயம் வந்தது.

நாலு மணிக்கு மணி அடித்தது. அதுவரை ஒரு வேலை முடிந்தால் இன்னொரு வேலை இருந்தது. இனிமேல் வீட்டுக்குப் போவது ஒன்றுதான் பாக்கி. கேம்ப் ரோடு பேக்கரியில் நின்று அவருக்குப் பன் வாங்கினேன், புதன்கிழமை அல்லவா. பன்னைப் பிடித்துக்கொண்டு கேட்டருகில் நின்றவள் நின்றவள்தான். முனிரத்தினம் அண்ணன் வெளியே வந்தார். "இன்னா டீச்சரம்மா, உள்ள போவாம நின்னுக்கினு கீறீங்க?" என்றார். "அண்ணா, அப்பா எழுந்திருக்கவே இல்லை" என்றேன். அவர் உள்ளே ஓடினார். நான் அப்போதுதான் பார்த்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. இன்றுவரை யாரிடமும் திருத்தவில்லை.

உன்னிடமிருந்து அப்பாவின் முகத்தைப் பறித்தது நான்தான். அதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என்னைத் தின்பது அது மட்டும் இல்லை. நான் அவரைத் தொடவில்லை, தம்பி. நெற்றியில் கை வைக்கவில்லை. மூச்சு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்கவில்லை. போய்விட்டார் என்று நானாகவே முடிவுகட்டிவிட்டேன். உயிர் இருந்திருந்தால்? வெறும் மயக்கமாக இருந்திருந்தால்? டாக்டர் வீடு ஐந்து நிமிஷ நடை. நான் குழாயடியில் சண்டை போட்டபோது அவர் என்னைக் கூப்பிட்டிருந்தால்?

தினம் இரண்டு காப்பி போடுவதைப் பாசம் என்று செல்லம்மா தெருவெல்லாம் சொல்கிறாள். பாசமும்தான். ஆனால் நான் டம்ளரை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போவது வேறொன்றுக்காக. ஒரு தடவையாவது அவரைத் தொட்டு எழுப்பிவிடலாம் என்று போகிறேன். காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டுச் செல்லம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

எழுதிவிட்டேன்.

கிருபா

*

கிழக்கு தாம்பரம்,
17.6.87

அன்புத் தம்பிக்கு,

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். பேபி இரண்டாம் வகுப்புக்குப் போயிருப்பாள், முத்தம் சொல்.

நாலு வாரமாகத் தபால்காரர் எங்கள் கேட்டைத் தாண்டிப் போகிறார். ஏப்ரலில் நான் உன்னை இப்படித்தான் காக்க வைத்தேன், ஆகையால் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். திட்டியாவது எழுது. இனிமேல் அக்கா இல்லை என்று எழுதினாலும் பரவாயில்லை, எழுது.

இரண்டாவது டம்ளரை நிறுத்திவிட்டேன். வெந்நீரும் வைப்பதில்லை. காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து அடுப்படியில் சும்மா நிற்கிறேன். எனக்கும் காப்பி இறங்கவில்லை. செல்லம்மா இரண்டு நாள் சுவரோரம் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

கிருபா

*

செகந்திராபாத்,
29.6.87

அன்புள்ள அக்காவுக்கு,

நீ உயிரோடு திடமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்கிறேன். இதை உட்கார்ந்து படி.

முதலில் உனக்கு வேண்டியது. அப்பாவின் டெத் சர்டிபிகேட் வாங்கப் போன அன்றே டாக்டர் கஸ்தூரிரங்கன் என்னிடம் சொன்னார். "நான் வந்து பார்த்தப்போ உடம்பு பூரா விறைச்சுப் போயிருந்தது தம்பி. விடியறதுக்கு முன்னாடி, மூணு நாலு மணிக்குள்ள தூக்கத்துலயே முடிஞ்சிருக்கும். பக்கத்துலயே நான் உட்கார்ந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." இதுதான் அவர் சொன்னது, ஒரு வார்த்தை கூட்டவில்லை. நீ காப்பியோடு போனபோது அப்பா போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் உன்னைக் கூப்பிடவில்லை அக்கா. யாரையுமே கூப்பிடவில்லை.

எனக்குப் பிப்ரவரியிலேயே இது தெரியும். அதனால்தான் காப்பி குடித்தாரா என்று கேட்டேன். குடித்தார் என்று நீ எழுதியதும் பொய் என்று தெரிந்துவிட்டது. டாக்டர் சொன்னதை அப்போதே எழுதியிருந்தால் நீ நாலு மாதம் வெந்திருக்க மாட்டாய். எழுதவில்லை. உன்மேல் ஒரு குற்றம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது எனக்குத் தேவைப்பட்டது.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் இதோடு வைத்திருக்கும் தந்தியைப் பார். கொடுத்த நேரத்தைத்தான் உனக்கு எழுதினேன். வந்த நேரத்தை எழுதவில்லை. கீழே ஸ்டாம்ப் பக்கத்தில் இருக்கிறது. புதன்கிழமை, மாலை ஏழு பத்து.

நான்தான் கதவைத் திறந்தேன். அமலராணி உள்ளே பேபிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நின்றபடியே படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். "யாருங்க?" என்றாள். "யாரும் இல்லே" என்றேன். அது நான் தினமும் ஷூ பாலிஷ் போடுகிற நேரம். அப்பா சொல்லிக்கொடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும், முதலில் தூசி, பிறகு பாலிஷ், பிறகு பழைய பனியன் துணி. உட்கார்ந்து என் ஷூவைப் போட்டேன், பேபியின் ஷூவைப் போட்டேன். அதில் முகம் தெரிந்தது. சப்பாத்தி நாலு சாப்பிட்டேன். படுத்தேன். தூங்கினேன் அக்கா. நன்றாகத் தூங்கினேன்.

பத்தரை மணிக்கு விஜயவாடாவுக்கு ஒரு வண்டி உண்டு. அங்கே மாறினால் வியாழன் மத்தியானம் மூன்று மணிக்குத் தாம்பரம் வந்திருக்கலாம். அடக்கம் நாலரைக்கு. அந்த வண்டி எனக்குத் தெரியாதது இல்லை, பத்து தடவை அதில் வந்திருக்கிறேன். மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், பேனா எடுக்கப் பையில் கையை விட்டபோது தந்தி கையில் வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதுதான் ஒர்க்‌ஷாப் கேட்டில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். அமலராணியிடமும் அதையேதான் சொன்னேன்.

உன் கடிதம் மே கடைசியில் வந்தது. அதைப் படித்தபோது என்னைப் பற்றி யாரோ எழுதியது மாதிரி இருந்தது. அதற்குப் பதில் எழுத ஒரு மாதம் எனக்குக் கை வரவில்லை. அப்பாவின் முகத்தை நீ பறிக்கவில்லை. நான்தான் போய்ப் பார்க்கவில்லை.

தம்பி,
ஜெபராஜ்

*

கிழக்கு தாம்பரம்,
8.7.87

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ சொன்னபடி உட்கார்ந்து படிக்கவில்லை, அடுப்படியில் நின்றுகொண்டு படித்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை.

டாக்டர் சொன்ன அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. அதன் பிறகு உன்மேல் வந்ததே ஒரு கோபம். ஒரு கார்டில் எழுதியிருக்கலாம், பாவி. ஒன்பது நாள் இந்த வீட்டில் என் கையால் சாப்பிட்டாய், அப்போது சொல்லியிருக்கலாம். தினமும் அந்தக் காலிக் கட்டிலுக்கு முன்னால் நான் நின்றது உனக்குத் தெரியாது, சரி. ஆனால் நான் எதையோ மறைத்துக்கொண்டு தவிக்கிறேன் என்பது தெரியும். தெரிந்துகொண்டே விட்டாயே.

இரண்டு நாள் இப்படியே திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் உன் தந்தியை எடுத்துப் பார்த்தேன். ஏழு பத்து. நீ பேபியின் ஷூவைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண் முன்னால் வந்தது. சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றவள் உன்னை என்ன சொல்வது?

அமலராணியிடம் உண்மையைச் சொல்லிவிடு. நான் செல்லம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அன்னிக்கி கொயாயாண்ட இன்னாமா சண்ட போட்டீங்க, நான் பாத்துக்கினுதானே இருந்தேன்" என்றாள்.

ஆகஸ்டில் லீவு போட்டுவிட்டு வா. அப்பா கட்டிலில் படு. இதற்குப் பதில் எழுத வேண்டாம், நேரில் வந்தால் போதும்.

அக்கா,
கிருபா

*

கிழக்கு தாம்பரம்,
26.8.87

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். அமலராணியும் பேபியும் சுகம்தானே? நீ வாங்கிக் கொடுத்த தைலத்தில் என் முதுகு கொஞ்சம் பரவாயில்லை, வீடுதான் முழுக்க நாறுகிறது.

நீ இருந்தபோது சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்த மறுநாள் காலையில் நான் உன் காலைப் பிடித்து உலுக்கியதற்கு, "இன்னாக்கா, வூடு பத்திக்கிச்சா?" என்று எரிந்து விழுந்தாயே. அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. ஐந்தே முக்காலுக்கு டம்ளரோடு வந்தேன். நீ அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாய். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் திரும்பி அடுப்படிக்குத்தான் போகப் பார்த்தது. அங்கே போனால் வேலை இருக்கிறது. எப்படியோ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து உன் காலைப் பிடித்தேன். சூடாக இருந்தது. நீ திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திட்டி முடித்துவிட்டு டம்ளருக்குக் கையை நீட்டி, "சர்க்கரை போட்டியா?" என்றாய். வேண்டுமென்று கேட்டாயா, தூக்கக் கலக்கத்தில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. "போட்டேன்" என்றேன். இருந்த நாளெல்லாம் கேட்டாய், நானும் சொன்னேன்.

நேற்று, நீ போன பிறகு முதல் காலை. எனக்கு மட்டும்தான் என்று ஒரே ஒரு டம்ளர் ஆற்றினேன். நீ போன பிறகும் இரண்டாவது டம்ளர் கிடையாது என்று செல்லம்மாவிடம் முந்தின நாளே சொல்லிவிட்டேன், அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போய் நின்று குடித்தேன். கசந்தது. சர்க்கரை போடவே இல்லை.

எனக்குக் காப்பி போடத் தெரியாதா, இந்த மனுஷன் எதற்குத் தினமும் கேட்கிறார் என்று எட்டு வருஷமாக அவர்மேல் எரிச்சல்பட்டிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் நான் ஒரு நாளும் மறக்கவில்லை போலிருக்கிறது. கையில் டம்ளரோடு வாய்விட்டு அழுதேன். ஆறு மாதத்தில் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை. செல்லம்மா சுவரோரம் வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உள்ளே போய்ச் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை. அப்படியே முழுவதையும் குடித்தேன். வாசலில் கிடந்த பேப்பரைக் குனிந்து எடுத்து, படித்தேன். ஏழே முக்காலுக்குக் கேட்டைச் சாத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அக்கா,
கிருபா